வாளி வரிசையில் ஓர் இடம்

கரீபியன் தீவு ஒன்றில் நான் தன்னார்வலராகப் போய்த் தங்கியிருந்த வீட்டில், வானொலியில் இறப்பு அறிவிப்பு வாசிக்கும் நேரத்தில் யாரும் பேசக்கூடாது. இறந்தவரின் பெயர், ஊர் அவரைக் கூப்பிட்ட பட்டப்பெயர், வயது, சொந்த ஊர், அப்புறம் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், கூடப்பிறந்தவர்கள், ஞானப்பிள்ளைகள், நெருங்கிப் பழகியவர்கள் என்று பெயர்கள் வரிசையாக வரும். வெளிநாட்டில் இருப்பவர்கள் என்றால் எந்த இடம் என்பதும் சேர்ந்து வரும். இங்கிலாந்து, குவாதலூப், ஆன்டிகுவா, செயின்ட் மார்ட்டின், நியூயார்க், கனடா. நான் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மா கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்று முழுதையும் கேட்பார். முடிந்ததும், இன்னாருடைய மகள் இன்னும் அங்கேதான் இருக்கிறாளாம், அடக்கத்துக்கு வருவாளா தெரியவில்லை என்று ஒரு வரி சொல்லிவிட்டுத்தான் அடுப்புப் பக்கம் திரும்புவார். தன்னார்வலர்களுக்குக் கொடுக்கிற பயிற்சிக் கையேட்டில் மக்கள்தொகை உண்டு, வருமானம் உண்டு, மழையளவு கூட உண்டு. ஆனால் இந்த ஊரில் பிறந்தவர்களில் எவ்வளவு பேர் ஊரில் இல்லை என்பதை எனக்குப் புரியவைத்தது அந்த வானொலிதான்.

ஊர் டொமினிகாவில் இருக்கிறது. டொமினிக்கன் குடியரசு வேறு. இது குவாதலூப்புக்கும் மார்ட்டினிக்குக்கும் நடுவில் உள்ள தனித் தீவு. சுமார் 750 சதுர கிலோமீட்டர், ஏறக்குறைய எழுபதாயிரம் பேர். 1978 நவம்பர் 3-இல் பிரிட்டனிடமிருந்து விடுதலை வாங்கியது. ஆட்சிமொழி ஆங்கிலம், பெரியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது பிரெஞ்சிலிருந்து கிளைத்த க்வேயோல். கரீபியன் என்றதும் நம் மனதில் வரும் வெள்ளை மணல் இங்கே அபூர்வம். கடலிலிருந்து நேரே எழும்பும் மலை, மலை முழுக்கக் காடு, திரும்பிய பக்கமெல்லாம் ஆறு. மிக உயரமான டியப்லோத்தன் சிகரம் 1,447 மீட்டர். நான் இருந்தது அட்லாண்டிக் பக்கம், லா பிளேன் வட்டாரத்தில் ஒரு சிற்றூர். பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் எந்த வீடு, எந்த ஆசிரியை என்று தீவில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும்.

தமிழ்நாட்டில் தொடக்கப்பள்ளியில் வேலை பார்த்தவள் நான். வாசிப்பில் பின்தங்கிய குழந்தைகளுக்கு உதவ என்று ஒரு வெளிநாட்டுத் தன்னார்வ அமைப்பு வழியாகப் போனேன். இப்படிப் போக நினைக்கிறவர்கள், பெரும்பாலும் கல்லூரி முடித்த பெண்கள், அங்கே ஒரு நாள் எப்படிப் போகும், என்ன வேலை என்று கேட்டு எழுதுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதற்குப் பதில் இங்கேயே எல்லாவற்றையும் எழுதிவிடலாம் என்று தோன்றியது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஊரில் எதையும் நாம் போய்த் தொடங்கவேண்டிய அவசியம் இல்லை. அங்கே ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் வேலைகள் ஏராளம், கைகள்தான் போதாது. எந்த இடத்தில் ஆள் குறைகிறது என்று ஊருக்குத் தெரியும். அவர்கள் காட்டுகிற இடத்தில் போய் நிற்க முடிந்தால் போதும், நாம் போனதற்கு ஓர் அர்த்தம் உண்டு.

சரி, நாளைப் பார்ப்போம்.

இருட்டு பிரியும் முன்பே ஊர் எழுந்துவிடும். தலைநகரான ரோசோவுக்குப் போகும் வேன்கள் அந்த நேரத்தில்தான் கிளம்பும். தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பேருந்து என்று அவர்கள் சொல்வதே இந்த வேன்களைத்தான். ஓட்டுநர் வெறும் ஓட்டுநர் இல்லை. ஒருவர் ரத்தக் கொதிப்பு மாத்திரைக்குச் சீட்டும் பணமும் கொடுப்பார், இன்னொருவர் நகரத்தில் படிக்கும் பேத்திக்குச் சேப்பங்கிழங்கு மூட்டை ஏற்றுவார், ஒருவர் கடன் சங்கத்தில் கட்டவேண்டிய தொகையை உறையில் போட்டு நீட்டுவார். ரசீது கேட்டு யாரும் பார்த்ததில்லை. மலைக்குக் குறுக்கே போன் காசே என்ற இடத்தின் வழியாக வளைந்து வளைந்து போகிற சாலை. மழைக்காலத்தில் எந்தத் திருப்பத்தில் மண் சரிந்திருக்கும் என்று ஓட்டுநர்கள் எதிரே வரும் வேனை நிறுத்திக் கேட்டுக்கொண்டே போவார்கள். ஏறுகிற ஒவ்வொருவரும் உள்ளே இருக்கிற எல்லோருக்கும் வணக்கம் சொல்லவேண்டும். சொல்லாமல் உட்கார்ந்தால் வளர்ப்பு சரியில்லை என்று அர்த்தம். வேனில் மட்டுமல்ல, தெருவில், கடையில், மருத்துவமனை வரிசையில், எங்கேயும் இதுதான். போன முதல் வாரத்தில் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் இது ஒன்றுதான் என்பேன்.

தண்ணீர் விஷயம் வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு விளங்காது. இவ்வளவு ஆறு, இவ்வளவு மழை, ஆனால் மழை பெரிதாகப் பெய்யும்போதுதான் குழாயில் தண்ணீர் வராமல் நின்றுபோகும். மலையில் ஆற்றிலிருந்து நீர் எடுக்கும் இடத்தில் சேறும் இலையும் கல்லும் வந்து அடைத்துவிடும், அடைப்பு எடுக்கிறவரை மூடிவைப்பார்கள். அதனால் வானம் கறுத்தால் முதலில் துணி எடுக்க ஓடமாட்டார்கள், வாளி நிரப்ப ஓடுவார்கள். எங்கள் வீட்டில் கூரைத் தண்ணீர் பிடிக்க ஒரு பெரிய பீப்பாய் இருந்தது. குளிக்க, பாத்திரம் கழுவ, கழிவறைக்கு என்று அதிலிருந்து எந்தச் செம்பால் எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கு வீட்டில் கணக்கு உண்டு.

காலைக்குக் கோகோ தேநீர். பெயர்தான் தேநீர், தேயிலை கிடையாது. வீட்டுக்குப் பின்னால் உள்ள மரத்துக் கோகோக் காய்களை உடைத்து, விதையைப் புளிக்கவைத்து, வெயிலில் காயவைத்து, வறுத்து, இடித்துக் குச்சிபோல உருட்டி வைத்திருப்பார்கள். அதைத் துருவிக் கொதிநீரில் போட்டு, பட்டை, ஜாதிக்காய், ஒரு பே இலை சேர்த்துக் கொதிக்கவிட்டுப் பாலும் சர்க்கரையும் விடவேண்டும். மேலே மெல்லிய கொழுப்புப் படலம் மிதக்கும். அது மிதக்காவிட்டால் கடைப் பொடி என்று வீட்டுக்கார அம்மா முகம் சுளிப்பார். கூடவே எண்ணெயில் பொரித்த மாவுப் பண்டம் ஒன்று, பேக் என்பார்கள், அல்லது முந்தின நாள் சுட்ட சீமைப்பலா. இலங்கையில் ஈரப்பலா என்பது இதுதான். முழுக்காயை அப்படியே தணலில் வைத்து, தோல் கரியாகிறவரை திருப்பித் திருப்பிச் சுட்டு, கத்தியால் கரியைச் சீவி எடுத்தால் உள்ளே வெளிர்மஞ்சளாக மாவுமாவாக ஆவி பறக்கும். 1793-இல் கேப்டன் பிளை பசிபிக் தீவிலிருந்து இந்த மரத்தின் கன்றுகளைக் கப்பலில் கொண்டுவந்து செயின்ட் வின்சென்ட்டிலும் ஜமைக்காவிலும் இறக்கினார், கரும்புத் தோட்டத்து அடிமைகளுக்கு மலிவான சாப்பாடாக இருக்கட்டும் என்று. அந்த அடிமைகளின் வாரிசுகள் அதை விருந்துச் சாப்பாடாக மாற்றிவிட்டார்கள்.

பள்ளி எங்கள் வீட்டிலிருந்து ஏற்றத்தில் கொஞ்ச தூரம்தான். முதல் நாள் தலைமை ஆசிரியை என்னைத் தன் அறையில் உட்காரவைத்துச் சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது. "மிஸ், உங்களை நாங்க சந்தோஷமா வரவேற்கிறோம். ஆனா ஒண்ணு. நீங்க தனியா வகுப்பு எடுக்க வேண்டாம். எங்க டீச்சர் பக்கத்துல உட்காருங்க. அவங்க என்ன கேக்கறாங்களோ அதைச் செய்ங்க."

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. இந்தத் தீவுகளுக்குத் தன்னார்வலர்கள் வருவது புதிதல்ல. பிரிட்டனின் வி.எஸ்.ஓ. என்ற தன்னார்வ அமைப்பு 1958-இல் தொடங்கியது, அதேபோன்ற கனடாவின் கூசோவும் அமெரிக்காவின் பீஸ் கோரும் 1961-இல். பீஸ் கோர் முதன்முதலில் ஆள் அனுப்பிய நாடுகளில் பக்கத்துத் தீவான செயின்ட் லூசியாவும் ஒன்று. அப்போதிருந்து இரண்டு வருடம், இரண்டு வருடம் என்று முகங்கள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கின்றன. ஒருவர் வந்து பின்தங்கிய குழந்தைகளைத் தனி அறைக்குக் கூட்டிப்போய்ப் படம் ஒட்டி, பாட்டுப் பாடி நன்றாகவே சொல்லிக்கொடுப்பார். அவர் விமானம் ஏறியதும் அந்த அறை சாமான் வைக்கிற அறையாகிவிடும். 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது பீஸ் கோர் அமைப்பு உலகம் முழுவதிலுமிருந்து சுமார் 7,000 பேரைச் சில நாட்களில் திரும்ப அழைத்துக்கொண்டது. உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், அவர்கள் செய்தது சரிதான். ஆனால் தன்னார்வலரின் தனித் திறமையை மட்டும் நம்பி நடந்த வேலை எதுவாக இருந்தாலும் அந்த வாரமே நின்றிருக்கும். உள்ளூர் ஆசிரியை கையில் இருந்த வேலைதான் வாட்ஸ்அப்பில், வீட்டு வாசலில் என்று எப்படியோ தொடர்ந்திருக்கும்.

ஆகவே நான் உட்கார்ந்தேன். ஒரு வகுப்பு, ஒரு ஆசிரியை, பின்னால் ஒரு சிறிய நாற்காலி. அவருக்கு என்னைவிட வயது குறைவு, குழந்தைகளை அடக்குவதில் என்னைவிடக் கெட்டிக்காரர். முறையான பயிற்சி மட்டும் அவருக்குக் கிடைத்திருக்கவில்லை. மேல்நிலைப் படிப்பு முடித்ததும் வகுப்புக்குள் வந்துவிட்டவர். எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பை எந்த வரிசையில் கற்பிக்கலாம், ஒரு குழந்தை எங்கே தடுமாறுகிறது என்று ஐந்து நிமிடத்தில் எப்படிக் கண்டுபிடிக்கலாம் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்தவை. எந்தக் குழந்தை காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறது, யாருடைய அம்மா போன மாதம் செயின்ட் தாமஸ் தீவுக்கு வேலைக்குப் போய்விட்டார், யாரிடம் எந்தக் கேள்வியைக் கேட்கக்கூடாது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்தவை. மாலையில் பள்ளி விட்டபிறகு இருவரும் அடுத்த நாளைப் பேசி வைத்துக்கொள்வோம். வகுப்பில் அவர் பேசுவார், நான் நான்கு குழந்தைகள் உள்ள ஒரு மூலைக்குழுவைப் பார்த்துக்கொள்வேன். பிறகு அந்தக் குழுவை அவர் எடுத்துக்கொள்வார், நான் குறிப்பெழுதுவேன்.

புத்தகங்கள்தான் பெரிய குறை. பள்ளிக்கு நன்கொடையாக வந்தவை நிறைய இருந்தன, அலமாரி கொள்ளாத அளவுக்கு. அவற்றில் பனி பெய்யும், ரயில் ஓடும், அணில் கொட்டை சேர்க்கும். டொமினிகாவில் ரயிலே கிடையாது. எழுத்தைக் கூட்டிப் படித்துவிட்டு, படித்தது என்னவென்று தெரியாமல் ஒரு குழந்தை நம் முகத்தைப் பார்த்தால் அது அந்தக் குழந்தையின் குறையா? ஆசிரியை ஒரு நாள் தானே ஒன்றை எழுதி எடுத்துவந்தார். ஆறு கடலில் கலக்கும் இடத்தில் மாதத்தில் சில நாட்கள் மட்டும் தித்திரி என்ற பொடிமீன் கூட்டம் கூட்டமாக மேலேறும், ஊரே துணியும் வலையும் எடுத்துக்கொண்டு இறங்கிவிடும். அதைப் பற்றி எட்டுப் பக்கம், பக்கத்துக்கு ஒரு வரி. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் படம் போட்டான். நான் செய்தது வரிகளில் கடினமான ஒலிச் சேர்க்கைகள் முன்கூட்டியே வராமல் பார்த்துக்கொண்டதும், பக்கங்களைத் தைத்து நெகிழி உறை போட்டதும். வாசிக்கமாட்டேன் என்று மேசைக்கடியில் ஒளிகிற ஒரு பெண்குழந்தை அந்தப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்த் திருப்பித் தரவே இல்லை. பாட்டிக்கு வாசித்துக்காட்டுகிறாளாம். அப்புறம் ஒவ்வொன்றாக வந்தன: சேப்பங்கிழங்குத் தோட்டம், அதிகாலை வேன், தாத்தா பார்த்த புயல். எல்லாம் ஆசிரியை எழுதியவை.

மதியத்துக்குமேல் வெயில் தாழ்ந்தால் ஊரில் பாதிப் பேர் தோட்டத்தில் இருப்பார்கள். சமதளம் என்று ஒன்று அங்கே அபூர்வம். நிற்கவே கால் வழுக்கும் சரிவில் சேம்பு, டானியாக் கிழங்கு, கருணை, வாழை எல்லாம் கலந்து நிற்கும். ஒரு காலத்தில் இந்தச் சரிவு முழுக்க வாழைதான். ஒவ்வொரு குலைக்கும் நீல நெகிழி உறை மாட்டி, தழும்பு படாமல் வெட்டி, தலைச்சுமையாக இறக்கி, பெட்டியில் அடுக்கினால் பிரிட்டனுக்குப் போகும் கப்பல் எடுத்துக்கொள்ளும். கையில் ஒழுங்காகப் பணம் வந்தது. வீடு கட்டினார்கள், பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். இந்தத் தீவுகளின் வாழைக்கு ஐரோப்பா கொடுத்துவந்த சலுகையை எதிர்த்து அமெரிக்காவும் சில லத்தீன் அமெரிக்க நாடுகளும் தொடுத்த வழக்கில் 1997-இல் உலக வர்த்தக அமைப்பு ஐரோப்பாவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. சரிவில் அரை ஏக்கர் வைத்திருப்பவர், சமவெளியில் ஆயிரக்கணக்கான ஏக்கர் வைத்திருக்கும் பெரிய நிறுவனத்தோடு விலையில் எப்படிப் போட்டி போடுவார்? தோட்டங்கள் காடாயின, பிள்ளைகள் விமானம் ஏறினார்கள். அந்த வானொலிப் பட்டியல் அவ்வளவு நீளமானதற்கு இதுவும் ஒரு காரணம். இன்று கிழங்கும் வாழைக்காயும் வாங்கிக் கப்பலில் ஏற்றிப் பக்கத்துத் தீவுகளில் விற்கும் ஹக்ஸ்டர்கள் என்கிற வியாபாரிகள்தான் விவசாயத்தைத் தாங்கிப் பிடிக்கிறார்கள். இவர்களில் பெண்கள் நிறைய. சொந்தப் பணம், சொந்தக் கணக்கு, சொந்தத் துணிச்சல்.

பணம் புரட்டுவதற்கும் யாரும் வெளியிலிருந்து வந்து சொல்லித்தரவில்லை. பெண்கள் வாராவாரம் ஒரு தொகை போட்டு முறைவைத்து ஒருவர் மொத்தமாக எடுத்துக்கொள்ளும் சப் என்ற ஏற்பாடு உண்டு, நம் ஊர்ச் சீட்டேதான், ஏலம் மட்டும் கிடையாது. கடன் கூட்டுறவுச் சங்கங்களோ தீவு முழுக்க உண்டு. 1951-இல் ரோசோவில் அலிசியா என்ற பெல்ஜியக் கன்னிகாஸ்திரீ தொடங்கிவைத்த இயக்கம் அது. இதையெல்லாம் அறியாமல், கிராமப் பெண்களுக்குச் சேமிப்புப் பயிற்சி என்று திட்டம் எழுதிக்கொண்டு வருகிறவர்கள் இன்னமும் வருகிறார்கள். எனக்கு அதில் கோபம் உண்டு. வருவதற்குமுன் ஒரு கிழவியிடம் அரை மணி நேரம் கேட்டிருக்கலாம்.

இனி கூட்மென். தனியாக முடியாத வேலை ஒருவருக்கு வந்தால் ஊர் சேர்ந்து செய்து கொடுப்பது இது. கூலி கிடையாது, சாப்பாடு உண்டு, நாளை உனக்கு வேலை வந்தால் நான் வருவேன் என்ற கணக்கும் உண்டு. நிலம் திருத்த, படகு இழுக்க, வீடு கட்ட. 2017 செப்டம்பர் 18 இரவு மரியா புயல் மணிக்கு 260 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் இந்தத் தீவின்மேல் ஏறியது, ஐந்தாம் வகைப் புயல். இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 65 பேர். தீவிலிருந்த கூரைகளில் மிகப் பெரும்பாலானவை சேதமாயின. அதற்குப் பிறகு கையில் கொஞ்சம் காசு உள்ளவர்கள் தகரத்தை விட்டுவிட்டுக் கான்கிரீட் தளம் போடத் தொடங்கினார்கள். முடியாதவர்கள் நான்கு பக்கமும் சரியும் கூரையாக, ஆணிக்குப் பதில் திருகாணி அடித்து, உத்தரத்தைச் சுவரோடு இரும்புப் பட்டையால் கட்டி மாற்றிக்கொண்டார்கள்.

நான் இருந்தபோது ஒரு விதவை அம்மாவின் வீட்டுக்குத் தளம் போட்டார்கள். சனிக்கிழமை, இன்னும் இருட்டு. ஆண்கள் மண்வெட்டியோடு வந்து மணலையும் ஜல்லியையும் சிமெண்டையும் தரையில் குவித்துப் புரட்டத் தொடங்கினார்கள். தளத்துக்குச் சாய்வாகப் பலகை, பலகையின் ஓரமாக மேலே வரை ஆட்கள். தொடங்கினால் நடுவில் நிறுத்தக்கூடாது. பாதியில் காய்ந்துபோனால் பிறகு போடுவது அதோடு சேராமல் அந்த இடத்தில் வெடிக்கும், மழை இறங்கும். அதனால்தான் இத்தனை பேர் வேண்டும். நான் என்ன செய்யட்டும் என்று கேட்கும் முன்பே ஒரு பெரியவர் என் தோளைப் பிடித்து வரிசையில் ஓர் இடைவெளியில் நிறுத்தினார். "மிஸ், இங்க நில்லு. வாளியப் பாக்காத. உனக்குக் கொடுக்கறவர் கையைப் பாரு. கை வந்தா வாளி வரும்."

அது உண்மை. வாளியைப் பார்த்தால் அதன் கனம் மனதில் ஏறும், கை முந்திக்கொள்ளும், சிந்தும். கீழே இருப்பவரின் கையைப் பார்த்தால் தோள் தானாக இறங்கி எழும்பும். எனக்கு மேல் நின்றது என் வகுப்பு ஆசிரியை, கீழே நின்றது வேன் ஓட்டுநர். வயதானவர்களுக்கு வருகிற வாளிகள் பாதிதான் நிறைந்திருக்கும். யாரும் அப்படிச் சொல்லி நிரப்பவில்லை, கலவை அள்ளுகிறவருக்கு வரிசையில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியும். காலி வாளிகள் மறுபக்கமாகத் தலைக்குமேல் பறந்து இறங்கும், சின்னப் பையன்கள் பிடித்து ஓடுவார்கள். வீட்டுக்குப் பின்னால் மூன்று கல் அடுப்பில் பெரிய தேக்சா. சீமைப்பலா, சேம்பு, வாழைக்காய், உருட்டிப்போட்ட மாவு உருண்டை, உப்பிட்ட பன்றிவால், தேங்காய்ப்பால். தளம் மட்டம் தட்டி முடிக்கிறவரை யாரும் உட்காரவில்லை. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் சாப்பிட்டார்கள், சிமெண்ட் காய்ந்த கையோடு.

அந்த நாளுக்குப் பிறகு ஊரில் என்னோடு பேசும் விதம் மாறியது. அதுவரை நான் பள்ளிக்கு வந்த வெளிநாட்டு மிஸ். அதற்குப் பிறகு என் பேரில் கணக்கு ஒன்று தொடங்கிவிட்டது. என் அறை ஜன்னல் கதவு பெயர்ந்தபோது கேட்காமலே ஒருவர் வந்து சரிசெய்துவிட்டுப் போனார்.

மாலைகள் சுருக்கம். கடையின் முன் ஆண்கள் டாமினோக் கட்டைகளை மேசையில் அறைந்து ஆடுவார்கள், அந்தச் சத்தம் ஊர் முழுக்கக் கேட்கும். தனியாகப் போகும் பெண்ணைப் பார்த்து ஏதாவது சொல்கிற ஆண்கள் அங்கேயும் உண்டு. போகிற பெண்கள் இதைத் தெரிந்துகொண்டு போகவேண்டும். வீட்டுக்கார அம்மாவுக்கு யார் யார் என்ன சொன்னார்கள் என்று நான் வீடு சேர்வதற்குள் தெரிந்திருக்கும், அடுத்த நாள் அவர்களுக்குச் சேரவேண்டியது சேர்ந்துவிடும். துணியிலும் புத்தகத்திலும் பூஞ்சை பிடிக்கும். தனிமை வரும், குறிப்பாக ஞாயிற்றுக்கிழமை மதியங்களில், எல்லாக் குடும்பமும் கோயில் முடிந்து ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் நேரத்தில். எந்தச் சபை என்று எல்லோரும் கேட்டார்கள். நான் இந்து என்றேன். அப்படியானால் அந்த ஜெபம் எப்படி இருக்கும், ஒன்று சொல்லுங்கள் என்று வீட்டுக்கார அம்மா கேட்டார். தேவாரத்தில் ஒன்று பாடினேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு ஆமென் சொன்னார்.

2023 ஜூலையில் இந்திய அணி ரோசோ விண்ட்சர் பார்க்கில் டெஸ்ட் ஆட வந்தது. டொமினிகாப் பையன் அலிக் அத்தனேஸ் மேற்கிந்தியத் தீவுகள் அணியில் அறிமுகமாகி முதல் இன்னிங்ஸில் 47 எடுத்தார், அணியில் அதுதான் அதிகம். அவரை வீழ்த்தியது அஸ்வின். அந்த ஆட்டத்தில் அஸ்வினுக்கு மொத்தம் 12 விக்கெட், ஆட்டம் மூன்றே நாளில் முடிந்துவிட்டது. அஸ்வின் எங்கள் ஊர்க்காரர் என்று நான் சொல்லியிருந்ததால் கடையில் அடுத்த ஒரு வாரம் நான்தான் பதில் சொல்லவேண்டியிருந்தது. கோபம் இல்லை. பந்தை எப்படிப் பிடிக்கிறார் என்று ஒருவர் எலுமிச்சம்பழத்தை வைத்து எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார்.

ஜூன் தொடங்கி நவம்பர் முடிய புயல் காலம். அந்த மாதங்களில் பேச்சின் தொனியே வேறு. 1979 ஆகஸ்ட் 29 டேவிட்டைப் பெரியவர்கள் சொல்வார்கள், 2015 ஆகஸ்ட் 27 எரிக்காவை எல்லோரும் சொல்வார்கள். எரிக்கா காற்றாக வரவில்லை, மழையாக வந்தது, தென்கிழக்கில் பெத்தி சவான் ஊரையே காலிசெய்து வேறு இடத்தில் குடியமர்த்த வேண்டியதாயிற்று. மரியாவைப் பற்றி மட்டும் கேட்டால்தான் சொல்வார்கள், சிலர் கேட்டாலும் சொல்லமாட்டார்கள். என் வகுப்பு ஆசிரியை ஒருமுறை சொன்னார். குடும்பம் முழுக்கக் குளியலறைக்குள் கதவைப் பிடித்துக்கொண்டு இரவைக் கழித்தார்களாம். விடிந்து வெளியே வந்தபோது மலையில் ஓர் இலை இல்லை, அதுவரை காடு மறைத்திருந்த பக்கத்து ஊர் வீடுகள் கண்ணுக்குத் தெரிந்தன, அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது என்றார். அவர் வகுப்பில் புயல் பாடம் எடுக்கும் முறையே வேறு. குழந்தைகளிடம் என்ன பயம் என்று கேட்கமாட்டார். உங்கள் வீட்டில் பாதுகாப்பான அறை எது, தண்ணீர் எங்கே வைத்திருக்கிறீர்கள், பாட்டியை யார் கூட்டிப்போவது என்று கேட்பார். பதில் சொல்லத் தெரிந்த குழந்தை தைரியமாக உட்கார்ந்திருக்கும். எந்தப் பயிற்சியிலும் நான் இதைக் கற்றதில்லை.

தன்னார்வலர்களால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒரு வகுப்பில் இரண்டாவது ஆள் இருப்பது பெரிய விஷயம், அதிலும் வாசிப்புக் கற்பிக்கிற வகுப்பில். ஆனால் எங்களை அனுப்புகிற அமைப்புகள் வெற்றியை அளக்கும் விதத்தில் எனக்கு உடன்பாடில்லை. காலாண்டு அறிக்கையில் நான் எத்தனை குழந்தைகளுக்குக் கற்பித்தேன், எத்தனை நிகழ்ச்சி நடத்தினேன் என்று கட்டங்கள் இருந்தன. ஆசிரியை எழுதிய புத்தகங்களைக் குறிக்க ஒரு கட்டமும் இல்லை. அவற்றை என் பெயரில் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். போடவில்லை. தனியாக ஒரு பக்கம் இணைத்து அவர் செய்தவை என்று எழுதி அனுப்பினேன். போகிறவர்கள் இதைச் செய்யுங்கள். அந்த அறிக்கையை யார் படிக்கிறார்களோ இல்லையோ, அதன் நகல் பள்ளிக் கோப்பில் இருக்கும், அவருடைய பதவி உயர்வு நேரத்தில் பயன்படும்.

நான் கிளம்பும் முன் அடுத்த தன்னார்வலரை அதே பள்ளிக்கு அனுப்பலாமா என்று அமைப்பு கேட்டது. வாசிப்பு வகுப்புக்கு வேண்டாம், அதை எங்கள் ஆசிரியை பார்த்துக்கொள்கிறார் என்று தலைமை ஆசிரியை பதில் எழுதினார். வேறொன்று கேட்டார். அந்த ஆசிரியைக்கு ரோசோவில் முழுநேர ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைக்கும் வாய்ப்பு வந்திருக்கிறது, அவர் படிக்கப் போகும் காலத்துக்கு மட்டும் வகுப்பைப் பார்த்துக்கொள்ள, தொடக்கப்பள்ளியில் வேலை பார்த்த அனுபவமுள்ள ஓர் ஆள் தரமுடியுமா என்று. உள்ளூர் ஆசிரியர் பணியிடத்தில் தன்னார்வலரை வைப்பதில்லை என்பது விதி என்று பதில் வந்தது. விதியின் காரணம் எனக்குப் புரிகிறது, உள்ளூர்க்காரரின் வேலையை நாம் பறிக்கக்கூடாது. இங்கே யாருடைய வேலையும் பறிபோகவில்லை, ஒருவர் படித்துவிட்டு அதே வேலைக்குத் திரும்பி வரப்போகிறார். நானும் அவர் கடிதத்தோடு ஒரு கடிதம் வைத்து அனுப்பியிருக்கிறேன், அந்த இடத்துக்கு நானே திரும்பிப் போகத் தயார் என்றும் எழுதியிருக்கிறேன். முடிவு இன்னும் வரவில்லை. அவருடைய படிப்பு செப்டம்பரில் தொடங்குகிறது.